செஞ்சோற்றுக் கடனும் மாதச் சம்பளமும்



2024ஆம் ஆண்டு ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த் திருவிழாவின்போது எமக்கு நன்கு பழக்கமான தம்பி ஒருவர் அருகில் வந்து, "அண்ணை, அடுத்த கிழமை வீட்டுப்பக்கம் ஒருக்கா வரட்டோ? ரெண்டு கடதாசி பார்க்கவேணும்" என்று கேட்டார். நாம் தொழிலால் கணக்காளர். சம்பளச் சீட்டு, வரிக் கடிதம், வங்கிக் கடன் பத்திரம் என்று எம்மவர்கள் எதையாவது கொண்டுவந்து காட்டுவது வழக்கமாகையால் அதில் எமக்குப் புதுமை ஏதும் தோன்றவில்லை. அவரும் கெல்சென்கிர்ச்சனில் எமக்கு இரண்டு வீதி தள்ளி வசிப்பவர்தான்.

சொன்னபடி வந்தார். ஒரு கடதாசி, அவர் 13 ஆண்டுகளாக வேலை செய்யும் நிறுவனத்தின் சம்பளச் சீட்டு. மற்றது, வேறொரு நிறுவனம் அனுப்பியிருந்த புதிய வேலை ஒப்பந்தம். பழைய நிறுவனம், கடைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் தொலைபேசித் தொகுதி, கணனி, 'கஸ்ஸ' என்று நாம் இங்கு சொல்லும் காசுப்பெட்டி இயந்திரம் ஆகியவற்றை விற்றுப் பொருத்திக் கொடுக்கும் 11 பேர் கொண்ட சிறிய இடம். புதியது, அதே துறையில் மென்பொருள் விற்கும் பெரிய இடம். அங்கு நிலையான சம்பளம் கூட. கொமிசனை நம்பி மாதக் கடைசியில் மனம் பதைக்கத் தேவையில்லை. வருடம் 30 நாள் விடுமுறை, நிறுவனமும் பங்கு போடும் ஓய்வூதியச் சேமிப்பு, சனிக்கிழமை வேலை இல்லை. கையில் வரும் தொகையின் வித்தியாசத்தைக் கணக்கிட்டுச் சொல்ல எமக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கணக்கு முடிந்தும் அவர் எழும்பவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"கணக்கு எனக்கும் விளங்குது அண்ணை. அந்தாளை விட்டிட்டு நான் போனா அது நன்றிகெட்ட வேலையோ? அதைத்தான் கேட்க வந்தனான்."

அன்று நாம் ஏதோ சொல்லி மழுப்பி அனுப்பிவிட்டோம். அந்தக் கேள்வி பல நாள் எம்மை விடவில்லை. அதற்குக் காரணமும் உண்டு, பின்னர் சொல்கிறோம்.

முதலில் அவருடைய கதை. 2009இல் போர் முடிந்த கையோடு இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தவர். தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, 'டுல்டுங்' என்னும் கடதாசியுடன் ஹைமில் நான்கு பேர் கொண்ட அறையில் இருந்தார். டுல்டுங் என்பது வதிவிட உரிமை அன்று. உம்மை நாடுகடத்துவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. அக்காலத்தில் டுல்டுங் உள்ள ஒருவரை வேலைக்கு எடுப்பதாயின், அந்த வேலைக்கு ஒரு ஜேர்மானியரோ ஐரோப்பிய ஒன்றியத்தவரோ கிடைக்கமாட்டாரா என்று வேலைவாய்ப்பு அலுவலகம் முதலிற் சோதித்துப் பார்க்கும். வாரக்கணக்கில் இழுபடும் அலுவல் அது. எந்த முதலாளி இதற்கெல்லாம் மினக்கெடுவார்? 2011இல் ஒருவர் மினக்கெட்டார். களஞ்சியத்தில் பெட்டி தூக்கவும் வயர் இழுக்கவும் ஆள் தேடிக்கொண்டிருந்த அவர், படிவங்களை நிரப்பியதோடு நில்லாமல், தம்பியைத் தமது காரில் ஏற்றிக்கொண்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், உத்தியோகத்தர் முன் தாமே இருந்து பேசினார். மாலைநேர டொச் வகுப்புக்குக் காசும் கட்டினார். கடைக்காரருடன் தம்பி பழகும் விதத்தைக் கண்டு பெட்டி தூக்குவதில் இருந்து எடுத்து விற்பனைக்கு அனுப்பியவரும் அவரே.

2020இல் மின்னணுக் காசுப்பெட்டிகள் எல்லாவற்றிலும், பதிந்த கணக்கை அழித்து மாற்ற முடியாதபடி காக்கும் பாதுகாப்புக் கருவி இருக்கவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தம்பி கடைகடையாக ஏறி இறங்கினார். எம்மவரின் பலசரக்குக் கடை, துருக்கியரின் இறைச்சிக் கடை, ஜேர்மானியரின் பாண் கடை எல்லாம் அவரிடமே வாங்கின. இன்று அந்த நிறுவனத்தின் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு அவர் கையால் நடப்பது. முதலாளிக்கு வயது 63. "ஒருநாள் இது உன் கையில்தான்" என்று ஒவ்வொரு நத்தார் விருந்திலும் சொல்வாராம். எழுத்தில் ஒன்றும் இல்லை. எழுத்தில் இல்லாத வாக்கைக் கணக்குப் புத்தகத்தில் பதியவும் முடியாது. ஆனால் மனிதர் அதைச் சொன்னபோது பொய்யாகச் சொன்னார் என்று தள்ளிவிடவும் எம்மால் முடியவில்லை.

இம்மலரின் டொச் பக்கங்களை மட்டும் வாசிக்கும் எமது பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியே விளங்காது. பெயர் சொல்லாமல் விடயத்தை எமது மகளிடம் சொன்னபோது, "நல்ல வேலை கிடைச்சாப் போகவேண்டியதுதானே அப்பா, இதில என்ன யோசினை?" என்றாள். அவள் சொன்னதிற் பிழையில்லை. 1949ஆம் ஆண்டின் ஜேர்மன் அடிப்படைச் சட்டம் தனது 12ஆவது பிரிவிலேயே, தொழிலையும் வேலைத்தளத்தையும் தானே தெரிவுசெய்யும் உரிமையைத் தந்திருக்கிறது. ஆனால் உரிமை உண்டு என்று அறிந்தவுடன் மனம் அடங்கிவிடுமாயின் தம்பி எம்மிடம் வந்திருக்கமாட்டார்.

இந்நாட்டுச் சட்டத்தில் வேறொரு விடயமும் உண்டு. எமக்கு அது மிகவும் பிடித்தது. வேலையாள் விலகுவதாயின், சட்டப்படி நான்கு வாரம் முன்னதாக அறிவித்து, மாதத்தின் 15ஆம் திகதியோடோ மாத முடிவோடோ விலகலாம். ஓர் ஆண்டு வேலை செய்தவருக்கும் அதே நான்கு வாரம், 20 ஆண்டு செய்தவருக்கும் அதே நான்கு வாரம். முதலாளி நிறுத்துவதாயின் அப்படியல்ல. 2 ஆண்டு வேலை செய்தவருக்கு ஒரு மாத அறிவித்தல், 5 ஆண்டுக்கு இரண்டு மாதம், 8 ஆண்டுக்கு மூன்று, 10 ஆண்டுக்கு நான்கு, 12 ஆண்டுக்கு ஐந்து, 15 ஆண்டுக்கு ஆறு, 20 ஆண்டுக்கு ஏழு மாதம். ஒப்பந்தத்தில் வேலையாளுக்கும் அதே நீண்ட காலத்தை எழுதி வைக்கலாம், பலர் எழுதியும் வைக்கிறார்கள். தம்பியின் ஒப்பந்தத்தில் அப்படி ஏதும் இல்லை. ஆக, ஆண்டுகள் ஏற ஏறக் கடமை கூடுவது முதலாளிக்கே என்று சட்டம் எழுதியவர்கள் கருதியிருக்கிறார்கள். நாம் ஊரில் கற்ற பாடம் இதற்கு நேர் எதிரானது. எத்தனை ஆண்டு ஒருவருடைய சோற்றைத் தின்றோமோ அத்தனை ஆண்டுக்குக் கடன் எம்மேல் ஏறும் என்பதே அது.

செஞ்சோற்றுக் கடன் என்றவுடன் எம்மவர் நினைவுக்கு வருபவன் கர்ணன். 1964இல் வந்த 'கர்ணன்' திரைப்படத்தைப் பார்த்து அழாத குடும்பம் எம்மிடையே குறைவு. தம்பியின் நிலையைப் பாருங்கள்: அரங்கில் எல்லோரும் உன் குலம் என்ன என்று கேட்டு நின்ற வேளையில் அங்க நாட்டைக் கொடுத்து நிமிர வைத்தவன் துரியோதனன். உன்னுடைய விசா எங்கே என்று எல்லோரும் கேட்ட வேளையில் காரில் ஏற்றிக்கொண்டு போனவர் இந்த முதலாளி. கர்ணனுக்கும் புதிய ஒப்பந்தம் வந்தது. கண்ணனே தூது வந்து, நீ பாண்டவரின் மூத்தவன், வந்தால் முடி உனக்கு என்றான். கர்ணன் மறுத்தான். அந்த மறுப்பை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக நாம் கொண்டாடுகிறோம்.

கொண்டாடுவதில் தவறில்லை. ஆயினும் ஒரு கணக்காளனுடைய கேள்வி எமக்கு உண்டு: அந்தக் கடன் எதைக் கொண்டு அடைக்கப்பட்டது? கர்ணன் உயிரைக் கொடுத்தான். துரியோதனனுக்கு அதனால் என்ன வந்தது? நண்பன் அழிவை நோக்கிப் போகிறான் என்று தெரிந்தும், அவனைத் தடுத்து நிறுத்தும் சொல்லைக் கர்ணன் சொல்லவில்லை. பல இடங்களில் ஊக்கியும் விட்டான். உடனிருந்தான் என்பது உண்மை. உடனிருந்ததால் நன்மை செய்தான் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

கும்பகருணனா வீடணனா என்ற பட்டிமன்றத்தை நாம் பள்ளி நாட்களில் இருந்து கேட்டு வருகிறோம். இங்கும் விழா மண்டபங்களில் நடக்கிறது. அநேகமாகக் கும்பகருணன் பக்கம்தான் கைதட்டல் கூட. பட்டிமன்றப் பேச்சாளர்கள் அவசரத்தில் விட்டுவிடும் இரண்டு விடயங்கள் உண்டு. ஒன்று, வீடணன் இரவோடு இரவாகப் போனவனல்லன். சபையில் அண்ணனுடைய முகத்துக்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லி, கேட்கப்படாமல், விரட்டப்பட்ட பின்னரே போனான். மற்றது, போர்க்களத்தில் அழைக்க வந்த வீடணனிடம், நான் வரமாட்டேன், ஆனால் நீ அங்கேயே இரு, நீ வாழவேண்டும் என்று கும்பகருணன் வாழ்த்தி அனுப்புவதாகக் கம்பன் பாடியிருக்கிறான். நின்றவன் போனவனைச் சபிக்கவில்லை. சபித்ததெல்லாம் பின்னால் வந்த நாம்தான். வீடணன் பெயரையே வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம்; அதே வீடணனுக்கு எமது நாட்டிலேயே களனியில் சிங்கள மக்கள் கோயில் வைத்து வழிபடுகிறார்கள்.

இருப்பினும் இதிகாசம் இந்த வழக்குக்கு முழுவதும் பொருந்தாது. வீடணன் அறத்துக்காகப் போனான். தம்பி சனிக்கிழமை விடுமுறைக்காகப் போக நினைக்கிறார். முதலாளி இராவணனும் அல்லர். யாருடைய மனைவியையும் கவர்ந்து வரவில்லை. வாடிக்கையாளரை ஏமாற்றாத மனிதர். அப்படியான ஒருவரை விட்டுப் போவதற்கு இதிகாசத்தில் உதாரணம் தேடி எமக்குக் கிடைக்கவில்லை.

இனி, நியாயம் தேடுவோர் இப்பகுதியில் வழக்கமாகச் சொல்லும் ஒன்று: முதலாளிமார் மட்டும் எங்களைப் பார்த்தார்களோ? இங்கு சுரங்கத்தில் வேலை செய்த முதியவர் எவருடன் பேசினாலும் 1966இல் மூடப்பட்ட கிராவ் பிஸ்மார்க் சுரங்கத்தின் கதை வரும். பூர் பகுதியின் ஹியூகோ சுரங்கம் 2000இல் மூடப்பட்டது. பக்கத்து போஹுமில் நொக்கியா நிறுவனம் 2008 ஜனவரி 15ஆம் நாள், கைத்தொலைபேசித் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தது. ஏறத்தாழ 2,300 பேருக்கு வேலை போயிற்று. உற்பத்தி ருமேனியாவுக்குப் போனது. அந்த ருமேனியத் தொழிற்சாலையையும் 2011இல் மூட முடிவெடுத்தார்கள். தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நொக்கியா தொழிற்சாலையில் எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் முதற்சம்பளம் வாங்கினார்கள். 2014 நவம்பர் முதலாம் நாளோடு அங்கும் உற்பத்தி நின்றது. நிறுவனங்கள் போகும்போது செஞ்சோற்றுக் கடன் பேசுவதில்லை. ஆகவே நாமும் பேசவேண்டியதில்லை என்பது வாதம்.

இந்த வாதம் நொக்கியாவுக்குச் சரி. எஸ்போவில் இருந்து போஹுமைப் பார்த்தவர்களுக்கு அங்கு நின்றவர்களின் முகம் தெரியாது. நின்றவர்களுக்கும் அவர்கள் முகம் தெரியாது. தம்பியின் விடயத்தில் முகம் தெரியும். யாரோ ஒருவர் எங்கோ செய்த கொடுமையைக் காட்டி, எமக்கு நன்மை செய்தவரிடம் கணக்குத் தீர்ப்பது நேர்மையாகாது.

வேறு சிலர் வெற்றி பெற்றவர்களைக் காட்டுவார்கள். எமது தொழிலில் உள்ளவர்கள் நாளாந்தம் பாவிக்கும் எஸ்.ஏ.பி. மென்பொருளைத் தொடங்கியவர்கள், ஜேர்மன் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்து 1972இல் விலகிய ஐந்து பேர். டீற்மார் ஹொப், ஹஸ்ஸோ பிளாட்னர் முதலிய அவர்கள், ஐ.பி.எம்.மில் இருந்தபோது கற்ற தொழிலைக் கொண்டுதான் வெளியே போனார்கள். முதல் வாடிக்கையாளரான இரசாயன நிறுவனத்தின் கணனியிலேயே இரவிலும் வார இறுதியிலும் இருந்து எழுதினார்கள். திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழி கிராமத்தில் பிறந்த சிவ நாடாரும் தமது தோழர்களுடன் டெல்லி குளோத் மில்ஸ் நிறுவனத்தின் கல்குலேட்டர் பிரிவில் இருந்து வெளியேறி, தாமும் கல்குலேட்டரே விற்று முதல் சேர்த்து, 1976இல் எச்.சி.எல். நிறுவனத்தைக் கட்டினார். இன்று இவர்களை நன்றிகெட்டவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. தோற்றிருந்தால் சொல்லியிருப்பார்கள். வென்றவனுக்கு ஒரு தீர்ப்பும் தோற்றவனுக்கு ஒரு தீர்ப்பும் கொடுக்கும் தராசை நம்பி நாம் ஒன்றையும் நிறுக்க முடியாது.

எமக்குத் தெளிவு தந்தது வேறொரு வரலாறு. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தமிழ்நாட்டில் இருந்து கங்காணி கொடுத்த முற்பணத்துடன் வந்த தொழிலாளி, வந்த நாளில் இருந்தே கடனாளி. வேறு தோட்டத்தில் நல்ல துரை, நல்ல சம்பளம் என்று கேள்விப்பட்டாலும், கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவரை விடுவிக்கலாம் என்ற துண்டு இல்லாமல் அவரால் இடம் மாற முடியாது. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் அவர் பின்னால் அங்கும் போகும். உழைத்து அடைக்க முடியாதபடி வளர்ந்துகொண்டே போன கடன் அது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இதை நினைத்தபோது தம்பியிடம் கேட்கவேண்டிய கேள்வி எமக்கு விளங்கியது. மறுமுறை வந்தபோது கேட்டோம்: "தம்பி, இருந்து அடைக்கிற கடன் எண்டால், எத்தினை வருசம் இருந்தால் அடைபடும்? 13 வருசம் காணாதெண்டால் 20 காணுமோ?" அவர் யோசித்துவிட்டுத் தெரியாது என்றார். முடிவுத் தொகை இல்லாத கடனுக்கு எமது தொழிலில் இடம் இல்லை. அப்படியான ஒன்றை ஒருவர் தலையில் யாரும் ஏற்றாமல் அவரே ஏற்றிக்கொண்டாலும் அது துண்டுதான்.

நாம் இதை இரண்டு புத்தகங்களாகப் பிரித்துப் பார்க்கிறோம். ஒன்று சம்பளப் புத்தகம். அதில் அவர் உழைத்தார், இவர் கொடுத்தார். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வரவும் செலவும் சரி. அங்கு ஒருவருக்கொருவர் கடன் இல்லை. சம்பளம் தந்தவர் சோறு போட்டவர் என்ற பேச்சை நாம் ஏற்கமாட்டோம். அந்தச் சோறு தம்பி விற்றுக் கொடுத்த காசில் ஆக்கியது. மற்றப் புத்தகத்தில் ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது: 2011, வெளிநாட்டவர் அலுவலகம், கார். அதற்குச் சம்பளப் புத்தகத்தில் இருந்து ஒரு சதமும் மாற்ற முடியாது. இருந்தாலும் அது அடைபடாது, போனாலும் அழியாது. போனபின் அந்த மனிதருடன் எப்படி நடக்கிறோம் என்பதும், நாளை டுல்டுங்குடன் எம் வாசலில் நிற்பவனை நாம் எங்கே ஏற்றிக்கொண்டு போகிறோம் என்பதும்தான் அந்தப் பதிவுக்கு எதிரே எழுதக்கூடியவை.

கடன்காரர் பட்டியலில் வேறு பெயர்களும் உண்டு. தம்பியின் மனைவி முதியோர் இல்லத்தில் இரவு வேலை. சனிக்கிழமை காலை அவர் வந்து படுக்க, தம்பி கடைகளுக்குப் போக, இரண்டு பிள்ளைகளும் தொலைக்காட்சிக்கு முன்னால். ஆண்டுக்கணக்கில் இது நடக்கிறது. அவர்கள் மூவரும் கடிதம் போட்டுக் கேட்காத கடன்காரர். எம்மவரில் பலர் முதலாளிக்கு விசுவாசமாக இருந்தோம் என்று பெருமையாகச் சொல்லும்போது, அந்த விசுவாசத்தின் செலவு யாருடைய பெயரில் எழுதப்பட்டது என்பதைப் பார்ப்பதில்லை. அதுபோல, அந்தச் சிறு நிறுவனத்தின் மற்றப் பத்துப் பேரும் பட்டியலில் வருவார்கள். மூன்றில் ஒரு பங்கு விற்பனை நான்கே வாரத்தில் இல்லாமற் போனால் முதலில் அடிபடுவது முதலாளி அல்லர். களஞ்சியத்தில் பெட்டி தூக்குபவர். ஆதலால் சட்டம் தரும் நான்கு வாரத்தோடு நிற்காமல் முன்னதாகவே வாயால் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டோம்.

அடுத்த சிக்கல் கைத்தொலைபேசி. தம்பியின் தொலைபேசியில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கடைக்காரரின் இலக்கங்கள். புதிய நிறுவனத்தில் யாரோ ஒருவர், "உம்மோடு எத்தனை வாடிக்கையாளர் வருவார்கள்?" என்று சிரித்தபடி கேட்டாராம். வேலையில் இருக்கும்வரை முதலாளிக்குப் போட்டியாக வியாபாரம் செய்யக்கூடாது என்பது சட்டம். விலகிய பின்னரும் போட்டிக்குப் போகாதே என்று கட்டிவைப்பதாயின், அதை எழுத்தில் வைத்து, கடைசிச் சம்பளத்தின் பாதிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்; அதுவும் இரண்டு ஆண்டுக்கு மேல் முடியாது. தம்பிக்கு அப்படி ஒரு கட்டு இல்லை. ஆனால் வாடிக்கையாளர் பட்டியல் நிறுவனத்தின் சொத்து. பதின்மூன்று வருடம் கடைகடையாக நடந்தது அவருடைய கால். வாகனமும் பெற்றோலும் பொருத்திக் கொடுத்த சாமானும் பழுதானால் ஓடிவந்த ஆட்களும் நிறுவனத்தினுடையவை. எமது கடைக்காரர் நம்பியது தம்பியின் முகத்தை என்பது மெய்யே. முகத்தை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. பட்டியலைத் திருப்பிக் கொடுக்கலாம். கொடுக்கத்தான் வேண்டும். இதில் எமக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. கூடாத முறையில் போவதென்றால் இதுதான்; போவது அன்று.

இப்போது, கேள்வி எம்மை ஏன் விடவில்லை என்பதைச் சொல்லவேண்டும்.

நாமும் ஒருமுறை வேலை மாறியவர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வணிகமாணிப் பட்டத்துடன் வந்து, அதற்கு இங்கு என்ன பெறுமதி என்று பொன் நகர அலுவலகத்தின் பதிலுக்குக் காத்திருந்து, இடையில் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம். வரி ஆலோசனை அலுவலகமொன்றை நடத்திய அம்மையார் ஒருவர், பட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், ஒரு பெட்டி நிறையப் பற்றுச்சீட்டுகளை எம் முன்னால் வைத்து, ஒழுங்குபடுத்தும் என்றார். மாலையில் வந்து பார்த்து, நாளைக்கும் வாரும் என்றார். கணக்கு இலக்கங்களையும் டாட்டெவ் கணக்குமுறையையும் பக்கத்தில் இருந்து பழக்கினார். எமது டொச்சைப் பார்த்துச் சிரித்த ஒரு வாடிக்கையாளரை வேறு அலுவலகம் பார்க்கச் சொன்னார்.

2017இல் எமக்கு நல்ல இடம் கிடைத்தது. வேலை விலகலைக் கையெழுத்திட்ட கடதாசியில்தான் கொடுக்கவேண்டும் என்பது இங்கு சட்டம். நாம் எழுதினோம், கையெழுத்திட்டோம், திகதி சரி, காலம் சரி. வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் போனபின் அலுவலகத் தபாற்பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தோம். திங்கட்கிழமை சுகவீனம் என்று நின்றோம். மீதி நாட்களில் விடுமுறை இருந்தது, எடுத்துக்கொண்டோம். முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை. பயமா வெட்கமா என்று இன்றைக்கும் எமக்குத் தெரியாது. நன்றி சொல்லப் போனால் அழுதுவிடுவோம் என்றோ, போகாதே என்று சொன்னால் மறுக்க முடியாது என்றோ நினைத்திருக்கலாம். இரண்டு ஆண்டு கழித்து ஒரு நாள், பூர் பகுதியின் ஹோக் வீதியில் சந்தைக் கூடையுடன் அவர் எதிரே வந்தார். நாம் வீதியின் மறுபக்கத்துக்கு மாறினோம். அவர் கண்டாரோ என்பது தெரியாது.

சட்டப்படி அந்த விலகலில் ஒரு பிழையும் காணமுடியாது. எமது வாழ்க்கையில் நாம் செய்த மிகச் சிறுமையான காரியங்களில் அது ஒன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தம்பியின் வேலை மாற்றம் பற்றிய பேச்சு வெளியே கசிந்தபோது, எம்மவர் ஒருவர் கடையொன்றில் நின்று, "துரோகி" என்ற சொல்லைப் பாவித்தாராம். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று பின்னர் சமாதானம் வந்தது. நாம் எந்த மண்ணில் இருந்து வந்தோம் என்பதை மறந்து பேசக்கூடாது. அந்தச் சொல்லின் பெயரால் எத்தனை மின்கம்பங்களில் எத்தனை பேர் தொங்கினார்கள் என்பதை நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. ஒரு அமைப்பை விட்டு இன்னொன்றுக்குப் போனவன், ஒன்றுக்கும் போகாமல் வீட்டில் இருந்தவன், மறுபேச்சுப் பேசியவன் எல்லோருக்கும் அந்த ஒரே சொல்தான் இருந்தது. தொலைபேசியும் காசுப்பெட்டியும் விற்கும் ஒருவர் கடை மாறுவதற்கு அதை எடுத்து வீசுவதற்கு எமக்கு நாக்கு எழக்கூடாது.

தம்பி யூலை மாதமே முதலாளியிடம் நேரில் போய்ச் சொன்னார். முதலாளி நன்றாகப் பேசி அனுப்பியிருப்பார் என்று நாம் எதிர்பார்த்திருந்தோம். அப்படி நடக்கவில்லை. ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, கம்பனிக் காரின் சேவிஸ் எப்போது என்று கேட்டாராம். அதன்பின் இரண்டு மாதமும் வேலை பற்றி மட்டுமே பேச்சு. தம்பி ஒவ்வொரு கடைக்கும் புதிய ஆளைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்தார். செப்டெம்பர் 30ஆம் திகதி கார்த் திறப்பு, மடிக்கணனி, தொலைபேசி மூன்றையும் மேசையில் வைத்தார். முதலாளி ஒவ்வொன்றையும் பட்டியலில் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். கை கொடுத்தாரா என்று கேட்டோம். இல்லை என்றார்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் நற்சான்றுக் கடிதம் தபாலில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். இந்நாட்டில் நற்சான்றுக் கடிதத்துக்கென்று ஒரு மறைமொழி உண்டு என்பதை வாசகர்கள் அறிவீர்கள். 'எமக்குத் திருப்தியாக' என்றால் மட்டம். 'முழுத் திருப்தியாக' என்றால் நடுத்தரம். 'எப்போதும் முழுமையிலும் முழுமையான திருப்தியாக' என்றிருந்தால் மட்டுமே முதற்தரம். சொற்களை எண்ணி எண்ணிப் படித்தோம். முதற்தரச் சொல் இருந்தது. அதற்குக் கீழே, எந்தப் படிவத்திலும் நாம் கண்டிராத ஒரு வரி: அவர் சொன்ன விலையை எமது வாடிக்கையாளர் எவரும் இரண்டாம் முறை விசாரித்ததில்லை.

"இது நல்ல கருத்தோ அண்ணை, இல்லாட்டி மறைமொழியோ?" என்று தம்பி கேட்டார்.

"மறைமொழி இல்லை" என்றோம்.

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு, "தீபாவளிக்குப் பலகாரம் கொண்டு போகட்டோ? வாங்குவாரோ தெரியாது" என்றார்.

"கொண்டு போம். வாங்காட்டி வாசல்ல வைச்சிட்டு வாரும்."

அவருடைய மனைவி அந்த முறை பயத்தம் பணியாரமும் முறுக்கும் கூடுதலாகச் செய்வதாகச் சொன்னார். எமக்கென்று ஒரு பொட்டலம் தனியே கட்டும்படி கேட்டுக்கொண்டோம். பூருக்குக் கொண்டு போவதற்கு.